அந்த ஏ எந்த ஊர்?
தண்டனைச் சட்டக்கோவை பற்றி ஒரு மொழிபெயர்ப்பாளனின் நினைவுகள்

1984 ஆம் ஆண்டு. கிழக்கிலே ஒரு நீதவான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக நான் பதவியேற்று மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். கூண்டிலே நின்றவர் ஒரு மீனவர். ஐம்பது வயது மதிக்கலாம். சைக்கிள் களவு வழக்கு. குற்றப்பத்திரத்தை வாசித்து, இன்ன பிரிவின் கீழ் தண்டிக்கப்படத்தக்க தவறொன்றை அவர் புரிந்திருக்கிறார் என்று தமிழில் எடுத்துச் சொன்னேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஓம் ஐயா, தவறு நடந்திட்டு. பொறுத்துக்கங்க."

நீதவான் சிங்களவர். பேனாவை எடுத்துவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று நானும் சிங்களத்திலே சொல்ல வாயெடுத்துவிட்டேன். அதற்குள் அந்த மனிதர் தொடர்ந்தார். "ஆனா நான் களவெடுக்கல்ல ஐயா. அது என்ட சைக்கிள்தானே!"

விசாரித்ததில் விடயம் இதுதான். தனது சைக்கிளைத் திருத்தக் கொடுத்திருக்கிறார். கூலி கொடுக்கக் காசில்லை. காசைத் தந்துவிட்டுச் சைக்கிளை எடு என்று கடைக்காரர் மறித்து வைத்துக்கொண்டார். இவர் ஓரிரவு கடையின் பின்புறமாகப் போய்ச் சைக்கிளை எடுத்து வந்துவிட்டார். கடைக்காரர் பொலிஸுக்குப் போனார்.

நீதவான் சிரித்துக்கொண்டே தண்டனைச் சட்டக்கோவையை எடுத்து, 366 ஆம் பிரிவைப் பிரித்து என் முன்னே வைத்தார். களவு என்றால் என்ன என்பதை வரைவிலக்கணப்படுத்தும் பிரிவு அது. அதன் கீழே சின்னச் சின்ன உதாரணங்கள் இருக்கும். அதிலொன்றை அவருக்குச் சொல்லும்படி பணித்தார். நான் சொன்னேன். ஏ என்பவர் தனது கைக்கடிகாரத்தை இசட் என்பவரிடம் திருத்தக் கொடுக்கிறார். கூலி பாக்கி. அந்தக் கூலிக்கு ஈடாக இசட் கடிகாரத்தைச் சட்டப்படி வைத்திருக்கிறார். அந்த ஈட்டை இல்லாமற் செய்யும் எண்ணத்தோடு ஏ கடிகாரத்தை எடுத்துச் சென்றால், அது அவருடைய சொந்தக் கடிகாரமே ஆனாலும், ஏ களவு செய்தவராவார்.

மீனவர் கவனமாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த ஏ எந்த ஊர் ஐயா?" என்று கேட்டார்.

நீதிமன்றம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கூலியைக் கட்டினார், நீதவான் எச்சரித்து விடுவித்தார். ஆனால், முப்பது வருட உத்தியோகத்தில் எத்தனையோ வழக்குகளை மறந்துவிட்ட எனக்கு அந்தக் கேள்வி மாத்திரம் மறக்கவில்லை. இக்கட்டுரை ஒரு வகையில் அதற்கான பதில்தான்.

முதலில் 'தவறு' என்ற சொல்லைப் பற்றி. தமிழ்நாட்டில் 'குற்றம்' என்று எழுதுகின்ற இடத்தில் இலங்கைச் சட்டத் தமிழ் 'தவறு' என்று எழுதும். குற்றம் என்பதை நிரூபிக்கப்பட்ட நிலைக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஒருவர் 'தவறுக்குக் குற்றவாளியாவார்' என்று சொல்லுகின்ற முறை எங்களுடையது. சட்டம் படித்தவர்களுக்கு இது வசதியான பிரிப்பு. ஊர்ப்புறத்து மனிதருக்கோ தவறு என்பது கைதவறுவது, கால்தவறுவது, வாய்தவறுவது. மனமறிந்து செய்ததைத் தவறு என்று அவர் சொல்லவே மாட்டார். ஆக, அறிந்து செய்த ஒன்றைச் சுமத்துவதற்கு, அறியாமல் நிகழ்வதைக் குறிக்கும் சொல்லை நாங்கள் கையாள்கிறோம். அன்றைக்குப் பிறகு, குற்றப்பத்திரம் வாசித்த ஒவ்வொரு தடவையும் ஒரு வசனம் கூட்டிச் சொல்லுவதை நான் வழக்கமாக்கிக் கொண்டேன். மேலதிகாரிகள் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

இனி அந்த ஏ. அவருடைய பிறப்பிடம் கல்கத்தா. பிறந்த ஆண்டு 1837 என்று சொல்லலாம்.

மெக்காலே பிரபுவை எங்கள் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1835 இல் எழுதிய கல்விக் குறிப்பில் அறபு மொழியையும் சமஸ்கிருதத்தையும் துச்சமாக மதித்துப் பேசியவர். அந்தக் கோபம் எங்கள் பக்கத்தில் இன்னும் ஆறவில்லை, ஆறவும் தேவையில்லை. அதே மனிதர்தான் இந்தியச் சட்ட ஆணைக்குழுவின் தலைவராக இருந்து 1837 இல் இந்தியாவுக்கான தண்டனைச் சட்டக்கோவையின் நகலைக் கையளித்தார். அதுவரை வங்காளத்தில் கம்பனியின் குற்றவியல் நீதிமன்றங்கள் பெயரளவிலேனும் இஸ்லாமியக் குற்றவியலையே பின்பற்றி வந்தன. மௌலவிமார் பத்வா கொடுக்க, வெள்ளைக்கார நீதிபதி தீர்ப்புச் சொல்லுவார். கம்பனியோ பிரமாணங்களுக்கு மேல் பிரமாணமாகப் போட்டு அதனை ஒட்டுத்துணியாக்கி வைத்திருந்தது. அந்தக் குழப்பத்தை ஒரே நூலால் துடைத்தெறிவதே மெக்காலேயின் எண்ணம். நகல் இருபத்துமூன்று ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, 1860 ஒக்டோபரில் சட்டமாகி, 1862 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. மெக்காலே 1859 டிசம்பரிலேயே இறந்துவிட்டார்.

அந்த ஆணைக்குழுவில் இருந்த இன்னொருவர் எங்களுக்கு மிகவும் வேண்டியவர். சார்ள்ஸ் ஹே கமரன். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் நாம் மனனம் செய்த கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தின் பின்பாதி அவர்தான். 1830 இல் இலங்கைக்கு வந்து இந்நாட்டு நீதிமன்றங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அதன்படி 1833 இல் நீதித்துறைச் சாசனம் வந்தது. பிறகுதான் கல்கத்தாவில் மெக்காலேயோடு சேர்ந்தார். முதுமையில் கோப்பித் தோட்டங்களை நாடி இலங்கைக்கே திரும்பி வந்து, 1880 இல் இங்கேயே மௌத்தானார். அவருடைய மனைவி, புகைப்படக் கலையில் உலகப் புகழ்பெற்ற யூலியா மார்கரட் கமரன், ஓராண்டு முந்திக்கொண்டார். இருவருடைய கல்லறைகளும் பொகவந்தலாவைத் தேவாலயத்திலே இருக்கின்றன. இங்கிலாந்திலிருந்து புறப்படும்போதே தங்களுக்கான சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றி வந்தார்கள், அவற்றுக்குள்ளே பீங்கான் கோப்பைகளை அடுக்கியிருந்தார்கள் என்றொரு கதை உண்டு.

கமரன் இறந்து மூன்றாம் ஆண்டு, 1883 இன் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. 1885 ஜனவரி முதலாம் திகதி அமுலுக்கு வந்து, அதுகாறும் இங்கே வழங்கிய உரோமன் டச்சுக் குற்றவியலை அப்புறப்படுத்தியது. இந்தியக் கோவையைச் சிறுசிறு மாற்றங்களோடு எடுத்துக்கொண்டார்கள். அதனால் பிரிவுகளின் இலக்கங்கள் இடம்பெயர்ந்து விட்டன. மோசடிக்காரனை 'போர் ருவென்ரி' என்று எங்களூரிலும் ஏசுவார்கள். அது சினிமா கொண்டுவந்து தந்த இலக்கம், இந்தியாவுக்குரியது. ஏமாற்றிப் பொருள் பறிப்பது எங்கள் கோவையில் 403. இந்தியாவிலும் இப்போது 420 இல்லை. 2024 ஜூலை முதலாம் திகதி மெக்காலேயின் கோவையைக் கழித்துவிட்டுப் புதிய நியாயச் சட்டத்தைக் கொண்டு வந்துவிட்டார்கள். ஏ பிறந்த வீடு இடிக்கப்பட்டுவிட்டது, ஆள் இன்னும் எங்களிடம் குடியிருக்கிறார்.

கோவையின் அத்தியாய ஒழுங்கைப் பார்ப்பது ஒரு தனிப் பாடம். பொது விளக்கங்கள், தண்டனைகள், பொது விதிவிலக்குகள், உடந்தை ஆகியவை முடிந்ததும் ஆறாம் அத்தியாயத்தில் அரசுக்கு எதிரான தவறுகள் ஆரம்பிக்கின்றன. அடுத்தது படைகள். பிறகு பொது அமைதி, அரசாங்க ஊழியர், அவர்களை அவமதிப்பது, பொய்ச்சாட்சி. பன்னிரண்டாவது நாணயமும் முத்திரையும். பதின்மூன்றாவது நிறுவையும் அளவையும். பதினான்காவது பொதுச் சுகாதாரம். பதினைந்தாவது மதம். மனிதனுடைய உடலுக்கு இழைக்கப்படும் தவறுகள் வருவதற்குப் பதினாறாம் அத்தியாயம் மட்டும் காத்திருக்க வேண்டும். கொலை 293, 294 ஆம் பிரிவுகளிலேதான் பேசப்படுகிறது. கள்ளத் தராசு முன்னே, கொலை பின்னே! மெக்காலேயை நியாயப்படுத்துகின்றவர்கள் இது முக்கியத்துவ வரிசையல்ல, முதலில் அரசு, பிறகு பொதுமக்கள், பிறகு தனிமனிதர் என்று வகுத்த வரிசை என்பார்கள். இருக்கலாம். இந்தியாவின் புதிய சட்டம் பெண்கள், சிறுவர், மனித உடல் ஆகியவற்றை முன்னே கொணர்ந்து அரசைப் பின்தள்ளியிருப்பதைப் பார்க்கும்போது, வரிசையிலும் ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால், கோவையின் உயிர் வரிசையில் இல்லை. அது வரைவிலக்கணத்திலே இருக்கிறது. ஒரு செயல் தவறாவதற்கு எந்த எண்ணம் வேண்டும், எந்த அறிவு வேண்டும் என்பதைப் பிரிவுக்குப் பிரிவு சொல்லிச் செல்லுகிறது. 'நேர்மையீனமாக', 'நல்லெண்ணத்துடன்', 'வேண்டுமென்றே' என்று வருகின்ற ஒவ்வொரு சொல்லுக்கும் முன்கூட்டியே பொருள் வரையறுக்கப்பட்டிருக்கிறது. பிறகு நான்காம் அத்தியாயம் ஒரு பெரிய வாசலைத் திறந்து வைக்கிறது. பைத்தியம் பிடித்தவர் செய்தது தவறாகாது. தன்னைக் காத்துக்கொள்ளச் செய்தது, எல்லை மீறாதவரை, தவறாகாது. சிறு பிள்ளை செய்தது தவறாகாது. அந்தச் சிறு பிள்ளை ஆரம்பத்தில் எட்டு வயதுக்குக் குறைந்தவராக இருந்தார். 2018 திருத்தம் அதைப் பன்னிரண்டாக உயர்த்தியது. சாதாரண அறிவுள்ள எவரும் முறையிடாத அளவு அற்பமான தீங்கும் தவறாகாது என்று 88 ஆம் பிரிவு சொல்லுகிறது. எங்களூர் வேலிச் சண்டைகளுக்கு இந்தப் பிரிவை யாரும் வாசித்துக் காட்டவில்லை போலும்.

இவற்றையெல்லாம் விட என்னைக் கவர்ந்தவை உதாரணங்கள். இலக்கியக்காரர்கள் ஒரு தடவையாவது அவற்றை வாசிக்க வேண்டும். இரண்டு மூன்று வரியில் ஒரு கதை, அதற்குள்ளே மனித மனம் முழுவதும் இருக்கும். புதருக்குப் பின்னால் இசட் மறைந்திருப்பது ஏக்குத் தெரியும், பீக்குத் தெரியாது. ஏ தூண்டிவிட, பீ புதரை நோக்கிச் சுடுகிறார். இசட் இறக்கிறார். சுட்டவர் குற்றமற்றவராக இருக்கலாம், சுடச் சொன்னவர் கொலைகாரர். இன்னொரு கதையில் ஏ ஒரு கோழியைச் சுட்டுத் திருடப் பார்க்கிறார். புதருக்குப் பின்னால் ஆளிருப்பது அவருக்குத் தெரியாது. ஆள் இறந்து போகிறார். ஏ கோழிக்கள்வராக முயன்றவர்தான், ஆனால் அந்த மரணத்துக்குக் கொலையாளியல்லர். அதே புதர், அதே துப்பாக்கி, அதே மையித்து. மாறியது ஒருவருடைய மனதுக்குள் இருந்த ஒன்று மட்டுமே. நாய்க்குத் தீனியைச் சட்டைப்பையில் வைத்து அயலவருடைய நாயைப் பின்னால் வரச்செய்கின்ற ஏயும் இருக்கிறார். இசட்டின் மனைவி தருகின்ற பிச்சையை வாங்கிக்கொள்ளும் ஏழை ஏயும் இருக்கிறார். தருமம் கொடுக்கும் அதிகாரம் அந்தப் பெண்ணுக்கு உண்டென்று அவர் நம்பியிருந்தால் அது களவல்ல.

இந்த ஏக்கு ஊரில்லை, சாதியில்லை, மதமில்லை, தாய்மொழியில்லை. குடியேற்றகாரர் எழுதிய நூலொன்றில் இப்படியொரு பெயரில்லாத மனிதர் உலவுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம். நடைமுறையிலே அப்படி இருந்ததா என்றால், இல்லை. அம்பாந்தோட்டையில் நீதவானாகவும் இருந்த லெனாட் வூல்ப் 1913 இல் எழுதிய காட்டுக் கிராமத்து நாவலில், களவுக் குற்றம் பொய்யாகச் சுமத்தப்பட்ட பாபுன், தன்னைச் சுற்றி என்ன பேசப்படுகிறது என்றே விளங்காமல் கூண்டில் நிற்பதை எங்கள் தொழில் செய்தவர்கள் நெஞ்சு பதறாமல் வாசிக்க முடியாது. (அவருடைய மனைவி வேர்ஜினியா வூல்ப், மேலே சொன்ன யூலியா கமரனின் சகோதரி வழிப் பேத்தி. உலகம் சிறியது.)

ஆனாலும், ஏ என்கின்ற அந்த வெற்றிடம் காலியாக இருக்கின்ற வரைக்கும் ஒரு பாதுகாப்பு இருந்தது. அதிலே ஒரு குறிப்பிட்ட ஆள் வந்து குந்திவிட்ட இரண்டு இடங்களைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். இரண்டும் எங்களைத் தொடுபவை.

முதலாவது 363 ஆம் பிரிவு. 1995 இன் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பாலியல் வல்லுறவின் வரைவிலக்கணத்தைத் திருத்தி எழுதியது. பதினாறு வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளை சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அது வல்லுறவே என்றது. வரவேற்கத்தக்க மாற்றம். அத்தோடு ஐந்தாவது பந்தியின் வாலிலே ஒரு விலக்கையும் வைத்தது: அவள் அவருடைய மனைவியாகவும், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவளாகவும், நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்படாதவளாகவும் இருந்தாலன்றி. அதே 1995 இலேயே பொதுச் சட்டத்தின் கீழும் கண்டியச் சட்டத்தின் கீழும் திருமண வயது பதினெட்டாக உயர்த்தப்பட்டது. அப்படியானால், பதினாறு வயதுக்குக் குறைந்த அந்த மனைவி யார்? 1951 இன் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் ஆகக் குறைந்த வயது சொல்லப்பட்டிருக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் காதியாரின் அனுமதி வேண்டும் என்று மட்டுமே இருந்தது. அந்தப் பந்தியில் முஸ்லிம் என்ற சொல் கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தவிர வேறு எவரும் அந்த விலக்குக்குள் இலேசில் வரமுடியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்படியொரு வழக்கில் நான் மொழிபெயர்த்தேன். பிள்ளைக்கு வயது பதினான்கு. முறைப்பாடு செய்யப்பட்டபோது நிக்காஹ் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கையில் பதிவுச் சான்றிதழ் ஒன்று மேசைக்கு வந்தது. அதற்குப் பிறகு சட்டத்தரணிகள் என்ன நடந்தது என்பதைப் பேசவில்லை. எப்போதிருந்து அவள் மனைவி என்பதைப் பேசினார்கள். திகதிகளைத் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாமா, நான் இனி இங்க வரத் தேவையில்லையா?" ஓம் என்றேனா, இல்லை என்றேனா, ஞாபகமில்லை. என்ன சொல்லியிருந்தாலும் அது எனக்குத் தெரிந்து சொன்ன பதிலல்ல.

இதனைச் சொன்னால் எங்களுக்குள்ளே சிலர் கோபிக்கிறார்கள். பிறர் எங்கள் மார்க்கத்தில் கைவைக்க இது வழிவிடும் என்கிறார்கள். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் நியமிக்கப்பட்ட குழு அறிக்கை கையளிக்க 2018 ஜனவரி ஆகியது. ஒன்பது வருடம். அன்றைக்குப் பிறந்த பிள்ளைக்கு ஒன்பது வயதாகிவிடும் என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது இடத்துக்கு வருவதற்கு முன் பதினைந்தாம் அத்தியாயத்தின் வழியே ஒரு சுற்றுப் போக வேண்டும். வணக்கஸ்தலங்களை மாசுபடுத்துவது, வணக்கத்தைக் குழப்புவது, மையவாடிகளில் அத்துமீறுவது ஆகியவை 290 முதல் 292 வரை தவறுகளாக்கப்பட்டிருக்கின்றன. எந்த மதத்தின் பெயரும் அவற்றில் இல்லை. இடையிலே 291 ஏ, 291 பி என்று எழுத்தொட்டிய பிரிவுகளும் உண்டு. எழுத்தொட்டியிருந்தால் பின்னால் சொருகப்பட்டது என்று விளங்கிக்கொள்ளலாம். 291 பி, இந்தியாவின் 295 ஏயின் உடன்பிறப்பு. அது பிறந்த கதை எங்களுக்கு நோவு தருகின்ற கதை.

நபி (ஸல்) அவர்களை இழிவுபடுத்தும் ஒரு பிரசுரம் 1924 இல் லாகூரில் வெளிவந்தது. வெளியீட்டாளர் ராஜ்பால், சமூகங்களிடையே பகைமை வளர்த்தார் என்ற பிரிவின் கீழ் தண்டிக்கப்பட்டார். 1927 இல் லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி தலிப் சிங் அவரை விடுவித்தார். பிரசுரம் கீழ்த்தரமானது என்பதை நீதிபதி மறுக்கவில்லை. ஆனால், மறைந்துவிட்ட ஒரு மதத்தலைவரைத் தாக்கி எழுதுவது அந்தப் பிரிவின் வரைவிலக்கணத்துக்குள் அடங்காது என்றார். கொந்தளிப்பு உண்டானது. அவ்வாண்டே 295 ஏ இயற்றப்பட்டது. அந்த விவாதத்தில் ஜின்னா பேசியதை எங்கள் மேடைகளில் யாரும் நினைவூட்டுவதில்லை. இத்தகைய எழுத்தைத் தண்டிக்கத்தான் வேண்டும் என்ற அவர், உண்மையைத் தேடுகின்ற ஆய்வாளரும் நேர்மையாக மதத்தை விமர்சிப்பவரும் அகப்பட்டுவிடாதபடி சட்டத்தை எழுத வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அதனால்தான் அந்தப் பிரிவு, திட்டமிட்டதும் கெடுநோக்குடையதுமான எண்ணம் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. 1929 இல் இல்முத்தீன் என்ற இளைஞர் ராஜ்பாலைக் குத்திக் கொன்றார், அதே ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். சட்டம் வந்ததனால் கத்தி உறைக்குள் போய்விடவில்லை.

எங்கள் 291 பியும் அதே இரட்டை எண்ணத்தைக் கேட்கிறது. கூடியபட்சத் தண்டனை இரண்டு வருடம். எண்ணத்தை நிரூபிப்பது கடினம் என்பதனால் பொலிஸார் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. அளுத்கமவில் 2014 இலும் திகனயில் 2018 இலும் எங்கள் கடைகள் எரிவதற்கு முன்னால் மேடைகளிலே பேசப்பட்டதைக் கேட்டபோது, இந்தப் பிரிவு எங்கே போய்விட்டது என்று பலர் என்னிடம் கேட்டார்கள். அது போகவில்லை, புத்தகத்திலேதான் இருந்தது.

அதற்குப் பதிலாகக் கைக்கு எளிதானவை வேறு சட்டங்களில் இருந்தன. சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் 2007 இல் இயற்றப்பட்டது. உரிமைகளைக் காப்பதற்கென்று வந்தது. பகைமையைத் தூண்டுவதைத் தடைசெய்யும் அதன் மூன்றாம் பிரிவுக்குப் பத்து வருடம் வரை சிறை. பிணையை மேல் நீதிமன்றமே, அதுவும் விதிவிலக்கான காரணங்களுக்காகவே வழங்கலாம். சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் அதன்கீழ் கைதானார். ஓகஸ்ட்டில் பிணை கிடைத்தது. 2021 பெப்ரவரியில் விடுவிக்கப்பட்டார். 2019 மே மாதம் ஹஸலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் அணிந்திருந்த உடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. தர்மசக்கரம் என்றார்கள். அவரும் விளக்கமறியலுக்குப் போனார். அந்தப் பெண் அந்த உடையை எந்த எண்ணத்தோடு உடுத்தார் என்ற கேள்வி, மெக்காலேயின் முறையிலே முதலாவதாகக் கேட்கப்பட வேண்டியது, கைதான பின்னர் கேட்கப்பட்டது.

பயங்கரவாதத் தடைச் சட்டம் இதனை விடவும் பழையது, 1979 இல் வந்தது. அதன் இரண்டாம் பிரிவில் ஒரு பந்தி உண்டு. பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ காட்சியாலோ வேறு எவ்வாறோ சமூகங்களுக்கிடையே இணக்கமின்மையை அல்லது மனக்கசப்பை உண்டாக்குபவர், அல்லது உண்டாக்க எண்ணுபவர், தவறொன்றைப் புரிந்தவராவார். ஐந்து முதல் இருபது வருடம் வரை சிறை. அந்த 'அல்லது' என்ற சொல்லில் நான் பலநாள் நின்றிருக்கிறேன். எண்ணினாலும் போதும், எண்ணாமலே உண்டாகிவிட்டாலும் போதும். புதருக்குப் பின்னால் ஆளிருப்பது தெரிந்து சுட்டவரும் தெரியாமல் கோழியைச் சுட்டவரும் இங்கே ஒன்றாகிவிடுகிறார்கள். பத்திரிகையாளர் ஜெ. எஸ். திசைநாயகம் தனது கட்டுரைகளுக்காக 2009 ஓகஸ்ட்டில் இருபது வருடத் தண்டனை பெற்றார். அடுத்த ஆண்டு அவருக்குப் பொதுமன்னிப்புக் கிடைத்தது.

அஹ்னாப் ஜஸீமை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்குத் தெரியும். மன்னார் மாவட்டத்து இளைஞர், ஆசிரியர், கவிஞர். 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதியை 2017 இல் வெளியிட்டார். 2020 மே மாதம் கைது செய்யப்பட்டார். தொகுதியை வாசித்தவர்கள், அதில் வன்முறையையும் தீவிரவாதத்தையும் கண்டிக்கின்ற கவிதைகள் இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். அப்படியிருந்தும் 2021 டிசம்பரிலேதான் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கைதுக்கும் விடுதலைக்கும் இடையில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல்.

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் நான் ஓய்வு பெற்று வீட்டிலிருந்தேன். கவிதையை மொழிபெயர்க்கும்படி நீதிமன்றத்தில் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. சைக்கிள், மாடு, வேலி, கத்தி, கடன்பத்திரம் இவைதான் என் கையால் மொழிமாறியவை. தொகுதியை எடுத்துவைத்து, இரண்டொரு கவிதையைச் சிங்களத்தில் ஆக்கிப் பார்த்தேன். போர், வாள், குருதி எல்லாம் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன. கவிஞர் அவற்றை என்ன எண்ணத்தோடு சொன்னார் என்பது மாத்திரம் வரவில்லை. முப்பது வருடம் செய்த வேலை எனக்குக் கைவரவில்லை என்பதை மனைவியிடம் கூடச் சொல்லவில்லை.

பிறகு 1979 சட்டத்தை எடுத்து அந்தப் பந்தியின் கீழே உதாரணம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. சமவாயச் சட்டத்திலும் இல்லை. எங்கள் காலத்துச் சட்டங்களில் அந்த வழக்கமே அற்றுப்போய்விட்டது. சரி, நானே ஒன்றை எழுதிப் பார்ப்போம் என்று அப்பியாசக் கொப்பியில் ஆரம்பித்தேன். 'ஏ என்பவர் ஒரு கவிதை எழுதுகிறார். இசட் என்பவர் அதனை வாசிக்கிறார்.' இவ்விரண்டு வசனங்களுக்கு மேல் அது நகரவில்லை. அடுத்த வசனத்தை எழுதுவதற்கு ஏ எந்த ஊரென்று முதலில் தெரியவேண்டியிருந்தது.